சால்வேஜ் டைட்டில்: அடிபட்ட ஸ்போர்ட்ஸ் காரை வாங்கலாமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை என் அறைத்தோழன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "டேய், இதைப் பாருடா!" திரையில் ஒரு சிவப்பு நிற மஸ்டா மியாட்டா. 2012 மாடல், இரண்டே இருக்கை, மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை. நாங்கள் படிக்கும் இந்த அமெரிக்க ஊரில் அதே வருடத்து மியாட்டா, அதே அளவு ஓடியது, 11,000 டாலருக்குக் குறைந்து கிடைக்காது. இவன் காட்டிய விளம்பரத்தில் விலை 5,800. எங்கேயோ இடிக்கிறதே என்று கீழே வரை படித்தேன். கடைசி வரியில் இருந்தது: சால்வேஜ் டைட்டில், ரிப்பேர் செய்யப்பட்டது, நன்றாக ஓடுகிறது.

அவன் கையில் இருந்தது மொத்தமே ஆறாயிரம் டாலர். இரண்டு வருடம் ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்துச் சேர்த்தது. "நாளைக்குப் போய்ப் பார்க்கலாம்னு சொல்லிட்டேன். வாங்கலாமா வேண்டாமா, நீ சொல்லு" என்றான். எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எதைக் கேட்டாலும் அதன் வரலாற்றைத் தோண்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் மட்டும் உண்டு. அன்று முழுக்க உட்கார்ந்து படித்தேன். படித்ததில் பாதி கதை, பாதி பாடம். இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், டைட்டில் என்றால் என்ன? நம் ஊரில் ஆர்.சி. புத்தகம் ஒன்றே எல்லாவற்றுக்கும். அமெரிக்காவில் இரண்டு காகிதங்கள். வண்டி சாலையில் ஓட அனுமதி தரும் பதிவு ஒன்று. இந்த வண்டி இன்னாருக்குச் சொந்தம் என்று மாநில அரசு தரும் உரிமைச் சான்று இன்னொன்று. இரண்டாவதுதான் டைட்டில். ஒரு வண்டி பெரிதாக அடிபட்டு, இன்சூரன்ஸ் நிறுவனம் "இதைச் சரி செய்வதைவிட முழுப் பணத்தையும் கொடுத்துவிடலாம்" என்று முடிவு செய்தால், அந்தச் சான்றில் "சால்வேஜ்" என்ற முத்திரை விழுகிறது. அந்த முத்திரையோடு அதைச் சாலையில் ஓட்ட முடியாது. யாராவது வாங்கிச் சரி செய்து, மாநிலத்தின் சோதனையில் தேறினால், "மீண்டும் கட்டப்பட்டது" என்ற பொருள்படும் வேறு முத்திரை கிடைக்கும். விற்கிறவர்கள் இரண்டையும் பேச்சு வழக்கில் சால்வேஜ் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

கப்பலில் பிறந்த கணக்கு

இந்தச் சொல் காரோடு பிறந்ததல்ல. கடலில் இருந்து கரையேறியது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவரின் காபிக்கடையில் கப்பல் முதலாளிகளும், அவர்களுடைய நஷ்டத்துக்குப் பொறுப்பேற்கும் பணக்காரர்களும் கூடிப் பேரம் பேசினார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் பின்னாளில் பெரிய இன்சூரன்ஸ் சந்தையான லாயிட்ஸ். பாறையில் மோதிக் கிடக்கும் கப்பலை மீட்பதற்கும், மீட்டவருக்குத் தரும் கூலிக்கும், மிஞ்சிய சரக்குக்கும் சால்வேஜ் என்றே பெயர்.

அங்கே ஒரு சிக்கல் வந்தது. கப்பல் முழுகிவிட்டால் பிரச்சினை இல்லை, முழு நஷ்டம். ஆனால் அரைகுறையாக உடைந்து கிடந்தால்? பழுது பார்க்கலாம்தான், ஆனால் பழுது பார்க்கும் செலவு கப்பலின் மதிப்பைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட கப்பலையும் முழுகியதாகவே கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்ற வழக்கம் உருவானது. முதலாளி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, உடைந்த கப்பலை இன்சூரன்ஸ்காரரிடம் விட்டுவிடுவார். பிரிட்டனின் 1906-ஆம் வருடக் கடல் காப்பீட்டுச் சட்டம், 60-ஆவது பிரிவில், இதை எழுத்தில் வைத்திருக்கிறது.

இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது இரண்டு தொகைகளை ஒப்பிடும் கணக்கு. கப்பல் எவ்வளவு மோசமாக உடைந்தது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் நேரடியாக இடமே கிடையாது. பழைய, மலிவான கப்பல் என்றால் சின்ன ஓட்டையே போதும். காருக்கும் பின்னால் இதே கணக்குதான் வந்து சேர்ந்தது.

ஒரு டாக்டர் வாங்கிய சிதைந்த போர்ஷே

1955 செப்டம்பர் 30. ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீன், வயது 24, தன்னுடைய புத்தம்புது போர்ஷே 550 ஸ்பைடரில் கலிஃபோர்னியாவின் சலினாஸ் நகரில் நடக்கவிருந்த கார் பந்தயத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். சோலாம் என்ற ஊருக்கு அருகே ஒரு சாலைச் சந்திப்பில் எதிரே திரும்பிய ஃபோர்டு கார் மோதியது. டீன் இறந்துபோனார். கூட வந்த மெக்கானிக் படுகாயத்தோடு பிழைத்தார். டீனின் மரணம் உலகம் முழுக்கச் செய்தியானது. அதற்குப் பிறகு அந்தக் காருக்கு என்ன ஆனது என்பதுதான் நம் கதை.

வில்லியம் எஷ்ரிக் என்ற டாக்டர் அந்தச் சிதைந்த காரை விலைக்கு வாங்கினார். அவரும் வார இறுதிகளில் பந்தயம் ஓட்டுபவர். போர்ஷேவின் எஞ்சினைக் கழற்றித் தன் லோட்டஸ் காரில் பொருத்திக்கொண்டார். சில உதிரிபாகங்களை ட்ராய் மெக்ஹென்றி என்ற இன்னொரு டாக்டருக்குக் கொடுத்தார். 1956 அக்டோபரில் பொமோனா நகரில் நடந்த பந்தயத்தில் மெக்ஹென்றி விபத்தில் இறந்தார். உடனே "சாபம் பிடித்த கார்" என்று கதை கிளம்பியது. வெறும் கூடாக மிஞ்சியது ஜார்ஜ் பாரிஸ் என்ற கார் வடிவமைப்பாளர் கைக்குப் போனது. அதைச் சாலைப் பாதுகாப்புக் கண்காட்சிகளில் வைத்து ஊர் ஊராகக் காட்டினார்கள். 1960-இல் அது காணாமல் போய்விட்டது என்று பாரிஸ் சொன்னார். சாபக் கதைகளில் பெரும்பாலானவை அவர் வாயிலிருந்து வந்தவைதான். அந்தக் காரின் கியர்பெட்டி மட்டும் தப்பிப் பிழைத்து, 2021-இல் 3,82,000 டாலருக்கு ஏலம் போனது!

சாபத்தை விடுங்கள். டாக்டர் எஷ்ரிக் செய்த வியாபாரத்தில் ஒளிவு மறைவே இல்லை என்பதைப் பாருங்கள். அவர் கண்ணெதிரே கார் நசுங்கிக் கிடந்தது. தான் வாங்குவது எஞ்சினையும் சில பாகங்களையும்தான் என்று அவருக்குத் தெரியும். அடிபட்ட காரை அடிபட்ட கோலத்திலேயே வாங்குவதில் ஏமாறுவதற்கு வழியே இல்லை. பளபளவென்று பெயிண்ட் அடித்து நிறுத்தும்போதுதான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

முத்திரை பிறந்தது திருடர்களால்

வாங்குபவரைக் காப்பாற்றத்தான் இந்த முத்திரையைக் கண்டுபிடித்தார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். படித்தபோதுதான் தெரிந்தது, அரசாங்கத்துக்குப் பெரிய தலைவலியாக இருந்தவர்கள் திருடர்கள்.

கார் பெருகிய வேகத்தில் கார் திருட்டும் பெருகியது. ஒரு மாநிலத்தில் திருடி இன்னொரு மாநிலத்தில் விற்றால் போலீஸுக்கு எட்டாது. அதனால் 1919-இல் அமெரிக்க நாடாளுமன்றம் டயர் சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. (டயர் என்றால் சக்கரத்து டயர் இல்லை, சட்டத்தைக் கொண்டுவந்த உறுப்பினரின் பெயர்!) திருட்டுக் காரை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவது மத்தியக் குற்றம் ஆனது. அதே காலத்தில்தான் ஒவ்வொரு மாநிலமாக உரிமைச் சான்று கொடுக்கவும் ஆரம்பித்தன.

திருடர்கள் சும்மா இருப்பார்களா? சான்றையே வாங்க ஆரம்பித்தார்கள். உருத்தெரியாமல் நசுங்கிய ஒரு காரைப் பழைய இரும்புக் கடையில் சில நூறு டாலருக்கு வாங்குவார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த இரும்பு இல்லை, அதோடு வரும் சான்றும், வண்டி எண் பொறித்த சின்னத் தகடும்தான். பிறகு அதே மாடலில், அதே நிறத்தில் நல்ல கார் ஒன்றைத் திருடி, தகட்டை மாற்றிப் பொருத்துவார்கள். இறந்த கார் உயிரோடு வந்துவிட்டது, காகிதமெல்லாம் சுத்தம்! செத்தவன் பெயரில் பாஸ்போர்ட் எடுப்பது போன்ற வேலை. விலை அதிகமுள்ள கார் என்றால் லாபமும் அதிகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதை அடைக்க ஒன்றன்பின் ஒன்றாக விதிகள் வந்தன. 1969 மாடல்களிலிருந்து வண்டி எண் முன்கண்ணாடி வழியாக வெளியிலிருந்தே தெரிய வேண்டும் என்றானது. 1981 மாடல்களிலிருந்து எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக 17 எழுத்து-எண் கொண்ட ஒரே முறை வந்தது. 1984-இல் வந்த சட்டம், அதிகம் திருடுபோகும் மாடல்களின் முக்கியமான பாகங்களிலும் எண்ணைப் பொறிக்கச் சொன்னது. இன்னொரு பக்கம், முழு நஷ்டமான காரின் சுத்தமான சான்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு சால்வேஜ் முத்திரை குத்திய சான்றைக் கொடுக்கும் வழக்கம் மாநிலங்களில் பரவியது. செத்த காரின் பாஸ்போர்ட்டை முடக்கும் வேலை.

இந்தப் பிறவிக் குணம் இன்றும் போகவில்லை. உதாரணத்துக்கு நியூயார்க் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சால்வேஜ் காரைச் சரி செய்தவர் அதை மாநிலச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே பாகங்களுக்கான ரசீதுகளைக் கேட்பார்கள், எண்களைப் பார்ப்பார்கள். திருட்டுப் பாகம் இருக்கிறதா என்பதுதான் அவர்கள் கேள்வி. கார் ஓட்டுவதற்குப் பாதுகாப்பானதா என்பது அந்தச் சோதனையின் வேலையே இல்லை. "அரசாங்கமே சோதிச்சுச் சான்று கொடுத்திருக்கு சார்" என்று விற்பவர் சொன்னால், எதைச் சோதித்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

முத்திரையைக் கழுவுவது எப்படி

அமெரிக்காவில் 50 மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம். ஒரு மாநிலத்தில் முத்திரை விழுந்த காரை, அந்த முத்திரையைக் கண்டுகொள்ளாத இன்னொரு மாநிலத்தில் பதிவு செய்தால் சுத்தமான சான்று வந்துவிடும். இதற்கு "டைட்டில் வாஷிங்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அழுக்குத் துணி மாதிரி சான்றை வெளுத்து எடுப்பது.

1992-இல் நாடாளுமன்றம் கார் திருட்டுக்கு எதிராக இன்னொரு சட்டம் போட்டு, எல்லா மாநிலங்களின் உரிமைச் சான்றுகளையும் இணைக்கும் தேசியத் தகவல் தொகுப்பு ஒன்றை உருவாக்கச் சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் பொதுமக்கள் அதைப் பார்க்க முடிந்தது 2009-இல்! பதினேழு வருடம். நடுவில் நுகர்வோர் அமைப்புகள் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2009-இலிருந்துதான் இன்சூரன்ஸ் நிறுவனங்களும் பழைய கார் உடைப்பவர்களும் தங்களிடம் வரும் கார்களின் விவரத்தை அதற்கு அனுப்பியாக வேண்டும் என்றானது.

அந்தப் பதினேழு வருடங்களில் என்னவெல்லாம் நடந்தது? இரண்டை மட்டும் சொல்கிறேன். 2005 ஜனவரியில் ஸ்டேட் ஃபார்ம் என்ற மிகப் பெரிய இன்சூரன்ஸ் நிறுவனம், 49 மாநிலங்களின் அரசுத் தலைமை வழக்கறிஞர்களோடு சமரசம் செய்துகொண்டது. அது கைப்பற்றி மறுவிற்பனை செய்த ஆயிரக்கணக்கான கார்கள் சரியான முத்திரை இல்லாமல் வெளியே போயிருந்தன. அவற்றைத் தெரியாமல் வாங்கியவர்களுக்காக 4 கோடி டாலர் ஒதுக்க ஒப்புக்கொண்டது. அதே வருடம் ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. லட்சக்கணக்கான கார்கள் தண்ணீரில் நின்றன. அவற்றில் பல, காயவைத்து, வாசனை தெளித்து, வேறு மாநிலங்களில் விற்பனைக்கு வந்தன.

ஆகவே சுத்தமான சான்று இருந்தால் சுத்தமான கார் என்று நினைப்பதும் தப்பு. வெளிப்படையாக "சால்வேஜ்" என்று எழுதி விற்பவர் அந்த வகையில் ஒரு படி மேல்தான். என் நண்பனுக்கு இந்த வரி மிகவும் பிடித்துப்போனது. "பாத்தியா, இவர் நேர்மையானவர்!" என்றான். பொறுடா என்றேன்.

60-ஆ, 75-ஆ, 100-ஆ?

எந்த அளவு அடிபட்டால் சால்வேஜ்? மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு. பழுது பார்க்கும் செலவு காரின் மதிப்பில் ஓக்லஹோமாவில் 60 சதவீதம் ஆனால் போதும், முத்திரை விழும். நியூயார்க்கில் 75. டெக்சாஸில் 100. கலிஃபோர்னியாவில் சதவீதமே கிடையாது. பழுதுச் செலவோடு உடைந்த காரின் விலையையும் கூட்டிப் பார்ப்பார்கள். அதாவது, ஒரே கார் ஒரே அடி வாங்கினாலும், நதிக்கு அந்தப் பக்கம் டெக்சாஸில் நல்ல கார், இந்தப் பக்கம் ஓக்லஹோமாவில் சால்வேஜ்!

இன்னொன்றும் உண்டு. 10,000 டாலர் மதிப்புள்ள பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஏர்பேக் வெடித்துவிட்டால், அதை மாற்றி, கூடவே டேஷ்போர்டு, சீட் பெல்ட், சென்சார் எல்லாம் மாற்றும் செலவே மதிப்பின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். எலும்புக்கூடு நன்றாக இருந்தாலும் கணக்கில் அது செத்த கார். சில மாநிலங்களில் திருடுபோய், இன்சூரன்ஸ் பணம் கொடுத்த பிறகு கீறல் கூட இல்லாமல் கிடைத்த காருக்கும் இதே முத்திரைதான். ஆலங்கட்டி மழையில் மேலெல்லாம் குழி விழுந்த காருக்கும் இதேதான். மறுபக்கம், இரண்டாக வெட்டி ஒட்டவேண்டிய நிலையில் இருந்த காருக்கும் இதே முத்திரை.

கப்பல் காலத்துக் கணக்கு நினைவிருக்கிறதா? யாரோ ஒருவர் எப்போதோ இரண்டு தொகைகளை ஒப்பிட்டார் என்ற ஒரு செய்தியைத்தான் முத்திரை சொல்கிறது. எங்கே அடிபட்டது, யார் சரி செய்தார், எப்படிச் சரி செய்தார் என்பதெல்லாம் அதில் இல்லை. அதை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

4,703 மஸ்டாக்கள்

எங்கள் கதாநாயகி மியாட்டா என்பதால் இந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2006 ஜூலையில் ஜப்பானிலிருந்து வட அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த கூகர் ஏஸ் என்ற கப்பல், அலாஸ்காவின் அலூஷன் தீவுகளுக்குத் தெற்கே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. சாய்வு சுமார் 60 டிகிரி. உள்ளே 4,703 புது மஸ்டா கார்கள். அதில் 295 மியாட்டா, 214 ஆர்எக்ஸ்-8. மீட்கப் போன குழுவில் ஒருவர் உயிரிழந்தார். கடைசியில் கப்பலை நிமிர்த்திவிட்டார்கள். கார்கள் கட்டிய கட்டு அவிழாமல் பெரும்பாலும் அப்படியே இருந்தன. வெளியே பார்த்தால் புத்தம்புது கார்கள்.

மஸ்டா என்ன செய்தது தெரியுமா? அத்தனையையும் நொறுக்கியது. வாரக்கணக்கில் சாய்ந்து கிடந்ததில் எண்ணெய், பேட்டரி அமிலம் எல்லாம் எங்கே ஒழுகியிருக்கும், ஏர்பேக் பத்து வருடம் கழித்துச் சரியாக வேலை செய்யுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. ஒரு பாகம் கூடப் பின்கதவு வழியாகச் சந்தைக்குப் போய்விடக் கூடாது என்று ஏர்பேக்குகளை வெடிக்க வைத்து, சக்கரங்களை வெட்டி, மீதியைத் துண்டு துண்டாக்கினார்கள். கத்ரீனா கார்களின் கதை எல்லோருக்கும் நினைவிருந்த நேரம் அது.

இதைப் படித்ததும் நண்பன் முகம் கொஞ்சம் வாடியது. உருவாக்கியவனுக்கே உறுதி சொல்ல முடியாததை நாம் எப்படிச் சொல்வது?

மூன்று பழைய பாகமும் 1 கோடி பவுண்டும்

ஆனால் வரலாற்றில் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. அடிபட்டு, மீண்டும் கட்டப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே புகழ்பெற்றது பென்ட்லியின் "ஓல்டு நம்பர் ஒன்". 1929-இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. 1930-இல் மறுபடியும் வென்றது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் பட்டறையில் பாகங்கள் மாறிக்கொண்டே இருந்தன. 1932-இல் 8 லிட்டர் எஞ்சின் பொருத்தி இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் 500 மைல் பந்தயத்தில் விட்டார்கள். ஓட்டியவர் கிளைவ் டன்ஃபி. கார் சரிவான ஓடுதளத்தின் மேல் விளிம்பைத் தாண்டி மறுபக்கம் விழுந்தது. அவர் அங்கேயே இறந்தார். சிதைந்த காரைப் பிறகு மூடிய கூரையுள்ள கூப்பே காராகக் கட்டினார்கள்.

1990-இல் அந்தக் காரை 1 கோடி பவுண்டுக்கு வாங்க மிடில்பிரிட்ஜ் என்ற நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. பிறகு பின்வாங்கியது. "இது அந்தக் கார் இல்லை, இதில் பழைய பாகம் எதுவுமே பாக்கி இல்லை" என்றது. வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1929-இல் ஓடிய காரிலிருந்து மிஞ்சியவை பெடல் தண்டு, கியர்பெட்டியின் கூடு, ஸ்டீயரிங் தண்டு என்று மூன்று மட்டும்தான் என நிபுணர்கள் சொன்னார்கள். சரி, காரின் கதை முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்?

நீதிபதி ஆட்டன் வேறு மாதிரி பார்த்தார். பாகங்கள் மாறியது உண்மை. ஆனால் பந்தயப் பட்டறையிலிருந்து வெளிவந்த நாளிலிருந்து இன்று வரை அதன் வரலாறு எந்த இடத்திலும் அறுபடவில்லை. எந்த வருடம் எது மாறியது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதெல்லாம் தெரியும். ஆகவே இது ஓல்டு நம்பர் ஒன்தான், ஒப்பந்தப்படி வாங்கிக்கொள்ளுங்கள் என்று தீர்ப்பு வந்தது.

இதைவிட வேடிக்கையானது ஒரு ஃபெராரி. 1954-ஆம் வருடத்து 500 மோண்டியல் ஸ்பைடர். 1960-களில் பந்தயத்தில் மோதி, எரிந்து, கசங்கிய தகரக் குவியலாகிவிட்டது. சக்கரம் உருளாது. 2004-இல் சார்லி புயலில் ஃப்ளோரிடாவில் அது இருந்த கொட்டகையும் அதன்மேல் சரிந்தது! 2023 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் நடந்த ஏலத்தில் அந்தக் குவியல் 18,75,000 டாலருக்கு விலைபோனது. வாங்கியவருக்குக் கிடைத்தது அடையாள எண்ணும், ஆவணங்களும், என்ன நடந்தது என்ற முழுக் கதையும்தான்.

பென்ட்லியும் ஃபெராரியும் நம் பட்ஜெட் இல்லை என்பது எனக்கும் தெரியும் :) ஆனால் அந்த நீதிபதி கேட்ட கேள்வி 5,800 டாலர் மியாட்டாவுக்கும் பொருந்தும். அடிபட்ட நாளிலிருந்து இன்று வரை இந்தக் காரின் கதை அறுபடாமல் இருக்கிறதா? அடிபட்ட கோலத்தில் புகைப்படம் இருக்கிறதா? எந்தப் பாகம் எங்கே வாங்கியது என்று ரசீது இருக்கிறதா? சரி செய்தவர் யார், அவரிடம் பேச முடியுமா? இருந்தால், சால்வேஜ் காரும் வாங்கத் தகுந்ததே. இல்லாவிட்டால், வாங்குவது பெயிண்ட்டை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை

அன்றிரவே வண்டி எண்ணை வாங்கி இணையத்தில் தேடினோம். சால்வேஜ் கார்களை ஏலம் விடும் நிறுவனங்கள் எடுக்கும் படங்கள் பல சமயம் இணையத்தில் தங்கிவிடுகின்றன. எங்களுக்கு அதிர்ஷ்டம், நான்கு படம் சிக்கியது. இடது முன்பக்கம் சக்கரம் வரை உள்ளே தள்ளியிருந்தது. ஸ்டீயரிங்கிலிருந்து ஏர்பேக் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் போனோம். கார் அழகு. பொய் சொல்லக் கூடாது, எனக்கே ஆசை வந்துவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு "பம்பர்தான் கொஞ்சம் உடைஞ்சிருந்தது" என்றார் விற்பவர். ரசீது? "எங்கேயோ இருக்கும், தேடணும்." நண்பன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். முந்தின நாள் படித்தது இது: சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்துவிட்டு அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால், கோளாறு தெரியக் கூடாது என்று யாரோ விளக்கையே எடுத்திருக்கலாம். மூன்று முறை திருப்பினான். ஒரு முறை கூட எரியவில்லை. "பல்பு போயிருக்கும்" என்றார்.

இருக்கலாம். ஆனால் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2024 ஜூலையில் ஒரு எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. விபத்துக்குப் பிறகு மலிவான, தரமில்லாத ஏர்பேக் பாகங்களைப் பொருத்திய பழைய கார்களில், அடுத்த விபத்தின்போது அவை உலோகத் துண்டுகளாகச் சிதறி, ஒன்பது மாதத்தில் மூன்று பேர் இறந்திருந்தார்கள். பிழைத்திருக்கக்கூடிய விபத்துகளில். சில கார்களிலோ மூடியைத் திறந்தால் ஏர்பேக்கே இருக்காது, துணியை அடைத்து வைத்திருப்பார்கள். இந்த ஸ்டீயரிங் மூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. விற்பவருக்கே தெரியாமல்கூட இருக்கலாம். அவரும் யாரிடமோ வாங்கியவர்தான்.

மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு முடிவு செய்கிறோம், செலவு எங்களுடையது என்று கேட்டோம். நாளைக்கு இன்னொருவர் வருகிறார், அதற்கெல்லாம் நேரம் இல்லை என்றார். அதோடு எங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது நண்பன் பேசவே இல்லை. இறங்கப் போகும் நேரத்தில், "அந்தப் படம் கிடைக்காம இருந்திருந்தா வாங்கியிருப்பேன்டா" என்றான். போன வாரம் ஒரு பழைய சாம்பல் நிற சிவிக் வாங்கியிருக்கிறான். நான்கு கதவு. ரசீதெல்லாம் ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்த தாத்தா ஒருவரிடமிருந்து. முதல் வேலையாகச் சாவியைத் திருப்பி ஏர்பேக் விளக்கைப் பார்த்தோம். எரிந்தது, அணைந்தது. ஆனால் அந்த விளம்பரத்தின் சிவப்பு மியாட்டா படம் இன்னும் அவன் லேப்டாப்பில் முகப்புப் படமாக இருக்கிறது.